டூசன்பெர்க் விற்பனைக்கு வந்தால்: எந்தக் காருக்கு விலை சொல்கிறோம்?

ஒரு டூசன்பெர்க் மாடல் ஜே விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1931-ஆம் ஆண்டு வண்டி. நான்கு கதவு, மேல்கூரையை மடக்கி வைக்கலாம். பெயிண்ட், குரோம் எல்லாம் நேற்றுதான் ஷோரூமிலிருந்து வந்த மாதிரி மின்னுகிறது. வைத்திருந்தவர் காலமாகிவிட்டார். பிள்ளைகளுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, "அப்பா இதை உயிரா வச்சிருந்தார்" என்பதைத் தவிர. வாங்க ஒருவர் தயாராக நிற்கிறார். என்ன விலை கேட்கலாம்? 8 லட்சம் டாலரா, 30 லட்சம் டாலரா?

இதே தோற்றமுள்ள கார் ஒன்றுக்கு இந்த இரண்டு தொகையும் நியாயமான விடையாக இருக்கலாம். பளபளப்பு இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது. பழைய கார் மதிப்பீடு என்றதும் பெயிண்டைத் தட்டிப் பார்ப்பது, எஞ்சின் சத்தத்தைக் கேட்பது என்றுதான் நமக்குத் தோன்றும். டூசன்பெர்க் விஷயத்தில் அதெல்லாம் இரண்டாவது நாள் வேலை. முதல் நாள் வேலை, நிலம் வாங்கப் போகிறவர் மூலப்பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பார்ப்பது மாதிரியானது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் கார் என்ன கார் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஃப்ரெட், ஆகஸ்ட் டூசன்பெர்க் சகோதரர்கள் பந்தயக் கார்களால் பெயர் வாங்கியவர்கள். வியாபாரம் அவர்களுக்குச் சரிப்பட்டு வரவில்லை. 1926-இல் ஈ.எல். கார்டு என்ற தொழிலதிபர் கம்பெனியை வாங்கி, "அமெரிக்காவிலேயே பெரிய, வேகமான, விலை கூடிய காரைச் செய்" என்று ஃப்ரெட்டிடம் சொன்னார். 1928 டிசம்பரில் நியூயார்க் கார் கண்காட்சியில் மாடல் ஜே வந்தது. வரிசையாக எட்டு சிலிண்டர், சுமார் 6.9 லிட்டர், மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், சிலிண்டருக்கு நான்கு வால்வு. கம்பெனி சொன்ன சக்தி 265 குதிரைத்திறன். அன்றைய மற்ற அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவை இதில் பாதியைக்கூடத் தொடவில்லை. வெறும் சேஸிஸ் விலை மட்டும் 8,500 டாலர், பிறகு 9,500. அந்தக் காலத்தில் ஒரு சாதாரண ஃபோர்டு மாடல் ஏ சுமார் 500 டாலருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் பங்குச்சந்தை விழுந்தது. 1937-இல் கம்பெனியே மூடப்பட்டது. மொத்தம் செய்தது சுமார் 480 கார்கள்தான்.

"வெறும் சேஸிஸ்" என்று சொன்னேன் இல்லையா, பிரச்சினையின் வேர் அங்கேதான்.

இன்டியானாபொலிஸ் தொழிற்சாலை முழுக் கார் செய்து விற்கவில்லை. சட்டம், எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம், முன்பக்கத்து ரேடியேட்டர், பானெட், மட்கார்டு, கருவிகள் பதித்த டாஷ்போர்டு வரைக்கும்தான் அவர்கள் கொடுத்தது. உட்காரும் பகுதியை, அதாவது பாடியை, வாங்குகிறவர் தனியாக ஒரு பாடி கட்டும் கம்பெனியிடம் கொடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். நம்மூரில் பஸ், லாரிக்கு சேஸிஸ் வாங்கி கரூரிலோ நாமக்கல்லிலோ பாடி கட்டுகிறோமே, அதே கதைதான். கலிஃபோர்னியாவில் பசடினாவிலிருந்த மர்ஃபி, நியூயார்க்கின் ரோல்ஸ்டன், லிபேரன், டெர்ஹாம், ஜட்கின்ஸ், வில்லோபி என்று பல பெயர்கள். இவர்களில் ஜே சேஸிஸ் மீது அதிகம் கட்டியது மர்ஃபிதான். "லா கிராண்ட்" என்று பிரெஞ்சு வாடையோடு ஒரு பெயரும் வரும். அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. டூசன்பெர்க்கின் சொந்த வடிவமைப்பில் வெளியே கொடுத்துக் கட்டிய பாடிகளுக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் அது.

ஆக, ஒரு டூசன்பெர்க்கில் மூன்று தனித்தனி ஜாதகம் இருக்கிறது: சேஸிஸ், எஞ்சின், பாடி. சேஸிஸுக்கு 2 என்று தொடங்கும் நான்கு இலக்க எண், அது சட்டத்தில் அடிக்கப்பட்டிருக்கும். எஞ்சினுக்கு "ஜே" எழுத்தும் மூன்று இலக்க எண்ணும். எஞ்சினுக்கும் டிரைவர் காலுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரை ஃபயர்வால் என்பார்கள். அதில் ஒரு பட்டயத் தகட்டில் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் சேர்ந்து இருக்கும். பாடி கட்டினவர்கள் தங்கள் கணக்குக்கு ஓர் எண்ணை மரச்சட்டத்திலோ தகட்டிலோ குத்தியிருப்பார்கள். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஒரே வரிசையில் ஓடவும் இல்லை. அதனால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைக் கணக்குப் போட முடியாது. தகடு சொல்வதும், சட்டம் சொல்வதும், எஞ்சின் சொல்வதும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றும் ஏன் பிரிந்து போயின? 1930-களின் கடைசியில், 40-களில் இந்தக் கார்களுக்கு மதிப்பே கிடையாது. பெட்ரோல் குடிக்கும், டயர் கிடைக்காது, ஊரே பசியில் இருக்கும்போது இதில் போனால் முறைப்பார்கள். 15,000 டாலர் போட்டு வாங்கிய கார் சில நூறு டாலருக்குக் கைமாறியது. அந்த விலையில் வாங்கி விற்ற வியாபாரிகளுக்கு அது புராதனப் பொருள் இல்லை, வெறும் செகண்ட் ஹேண்ட் வண்டி. எஞ்சின் போன காரில் இன்னொன்றின் எஞ்சினைத் தூக்கிப் போட்டார்கள். பின்னால் விபத்தில் நசுங்கிய காரின் பாடியைக் கழற்றிவிட்டு, வேறு சேஸிஸிலிருந்த நல்ல பாடியை மாட்டினார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. வண்டி ஓடணும், அவ்வளவுதான்.

இதில் சட்டமும் ஒரு கை கொடுத்தது. அன்றைக்கு அமெரிக்காவின் பல மாநிலங்களில் காரின் உரிமைப் பத்திரம் எஞ்சின் எண்ணை வைத்தே எழுதப்பட்டது. எஞ்சின் மாறினால் என்ன ஆகும்? காகிதம் எஞ்சினோடு கிளம்பிப் போய்விடும்! நம் ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் இருப்பதன் அருமை இங்கேதான் புரியும். அமெரிக்கப் பழைய காரில் பத்திரம் சுத்தமாக இருக்கும், சங்கிலி விடாமல் ஐந்து உரிமையாளர் பெயரும் இருக்கும், ஆனால் அந்தச் சங்கிலி இந்தக் காருடையதாக இல்லாமல், உள்ளே உட்கார்ந்திருக்கும் எஞ்சினுடைய முந்தைய காரின் சங்கிலியாக இருக்கும். ஆய்வாளர்கள் இன்றும் டூசன்பெர்க்குகளை "ஜே-இத்தனை" என்று எஞ்சின் எண்ணால்தான் கூப்பிடுகிறார்கள். வசதியான பழக்கம்தான். ஆனால் அந்த எண் எதன் அடையாளம் என்பதில் ஏமாந்துவிடக் கூடாது.

ஆகவே மதிப்பீட்டாளர் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்த எண்ணை வேறு எந்தக் காராவது சொந்தம் கொண்டாடுகிறதா என்று விசாரிப்பது. ஒரு காரின் சேஸிஸ் ஒரு பக்கம், எஞ்சின் இன்னொரு பக்கம் என்று பிரிந்திருந்தால், இரண்டு உரிமையாளர்களுமே "அசல் கார் என்னுடையது" என்று சொல்ல முடியும். நல்லவேளையாக, செய்ததே சுமார் 480 என்பதாலும், அவற்றில் பெரும்பகுதி தப்பிப் பிழைத்திருப்பதாலும், ஆர்வலர்கள் ஒவ்வொரு எண்ணையும் பல பத்தாண்டுகளாகத் துரத்திப் பிடித்துக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆபர்ன், கார்டு, டூசன்பெர்க் மூன்றும் ஒரே குடும்பக் கம்பெனிகள். அவற்றுக்கான ஏ.சி.டி. கிளப் 1952-இல் தொடங்கியது. இன்டியானா மாநிலம் ஆபர்ன் நகரில், பழைய ஆபர்ன் கம்பெனியின் தலைமை அலுவலகக் கட்டடத்திலேயே அருங்காட்சியகமும் இருக்கிறது. அந்தக் கிளப் கார்களை நேரில் சோதித்துச் சான்றிதழ் தருகிறது. முக்கிய உறுப்புகள் பிறந்தபடியே சேர்ந்திருந்தால் முதல் வகை. ஏல விளம்பரங்களில் "கேட்டகரி 1" என்று கொட்டை எழுத்தில் போடுவது இதைத்தான். அந்த வரி விளம்பரத்தில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்க வேண்டும். சான்றிதழ் இருந்தாலும் அதன் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு கார் எந்தப் பட்டறைக்குப் போனது என்பது அந்தக் காகிதத்தில் இருக்காது.

எண்களை அடிக்கும் விஷயத்தில் திருட்டுத்தனமும் உண்டு. ஆயிரக்கணக்கில் விலை போகிற பொருளில் எண்ணைத் திருத்தினால் லாபம் கொஞ்சம்தான். கோடியில் விலை போகிற பொருளில் நான்கு இலக்கத்தைத் தேய்த்து வேறு நான்கு அடித்தால்? எழுத்தின் வடிவம், ஆழம், இடைவெளி, சுற்றியுள்ள உலோகம் அரைக்கப்பட்ட தடம், தகட்டின் ரிவெட்டுகள் பழசா புதுசா என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்கிறார்கள். சட்டத்தில் எண் அடித்த இடத்தில் மட்டும் பெயிண்ட் தடிமனாக இருந்தால், அங்கே ஒரு கேள்வி இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, எண்களெல்லாம் பொருந்திவிட்டன என்று வைப்போம். அடுத்த கேள்வி பாடி. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் சுவாரசியமானதும், கொஞ்சம் வருத்தமானதும் இந்தப் பகுதிதான்.

டூசன்பெர்க் வாங்கிய பணக்காரர்கள் எல்லோரும் காற்றில் முடி பறக்கப் போக ஆசைப்பட்ட சினிமாக்காரர்கள் இல்லை. நிறைய பேர் வங்கியாளர்கள், ஆலை முதலாளிகள், வயதானவர்கள், அவர்கள் வீட்டு அம்மாக்கள். மழை, பனி படாமல் டிரைவர் ஓட்டிப் போகிற மூடிய செடான், லிமோசின் கேட்டார்கள். ஆனால் சேகரிப்பாளர் காலம் வந்தபோது எல்லோருக்கும் திறந்த கார்தான் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஓட்டிக் காட்டுவதற்கு லிமோசின் எதற்கு? விலை அப்படியே பிரிந்தது. இன்றும் பொதுவாகப் பார்த்தால் மூடிய செடான்கள் 10 லட்சம் டாலருக்குக் கீழே நிற்பது சாதாரணம். மர்ஃபி கட்டிய கன்வெர்ட்டிபிள் கூப்பே, லிபேரனின் இரட்டைக் கண்ணாடி ஃபீட்டன் போன்றவை அதைத் தாண்டிப் பல மடங்கு போகும். அடியில் இருப்பது அதே சேஸிஸ், அதே எஞ்சின்!

இந்த விலை வித்தியாசம் பட்டறைகளுக்கு ஒரு வேலையைச் சொல்லிக் கொடுத்தது. செடானை வாங்கு, பாடியை எடுத்து ஓரமாகப் போடு, திறந்த பாடி ஒன்றைப் புதிதாகச் செய்து மாட்டு. மரச்சட்டம் அடித்து அலுமினியத் தகடு போர்த்தும் வேலை தெரிந்த நல்ல கைகள் இருந்தன. அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குச் செய்தார்கள். இப்படியே ஜட்கின்ஸும் வில்லோபியும் கட்டிய எத்தனையோ மூடிய பாடிகள் மறைந்தன. சந்தையில் விலை சொன்னவர்கள் எழுதிய எண்கள்தான் எந்த பாடி வாழ வேண்டும், எந்த பாடி விறகாக வேண்டும் என்று முடிவு செய்தன என்றுகூடச் சொல்லலாம். மதிப்பீடு என்பது இருப்பதை அளப்பது மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. நகல் பாடி போட்ட "ஃபீட்டனை" விட, பிறந்தபடியே இருக்கும் செடானுக்கு மரியாதை கூடிவருகிறது. மூடிய கார் என்றால் மட்டம் என்ற கணக்கும் எல்லா இடத்திலும் செல்லாது. 1933 சிகாகோ உலகக் கண்காட்சிக்காக ரோல்ஸ்டன் கட்டிய "ட்வென்டி கிராண்ட்" ஒரு செடான்தான். அதன் விலை 20,000 டாலர் என்பதால் அந்தப் பெயர். இன்று அது கலிஃபோர்னியாவில் நெதர்கட் சேகரிப்பில் இருக்கிறது. அது விற்பனைக்கு வந்தால் எந்த அட்டவணையும் உதவாது. கேப்டன் ஜார்ஜ் விட்டெல் என்பவருக்காக மர்ஃபி 1931-இல் கட்டிய கூப்பேயும் மூடிய கார்தான். நீளமான சேஸிஸில் இரண்டே பேர் உட்கார ஓர் அறை. 2011-இல் பெபிள் பீச்சில் அது 1 கோடியே 3 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. ஒரே ஒரு முறை கட்டப்பட்டது, அசல் உறுப்புகளோடு இருப்பது, யாருக்காகக் கட்டப்பட்டது என்ற கதை சுத்தமாக இருப்பது, மூன்றும் சேர்ந்தால் கூரை இருக்கிறதா என்பது பெரிய விஷயமில்லை.

பாடி மாற்றத்திலேயே ஒரு நுட்பம் உண்டு. எப்போது மாற்றினார்கள் என்பது முக்கியம். முதல் உரிமையாளரோ இரண்டாமவரோ 1930-களிலேயே, கம்பெனி உயிரோடு இருக்கும்போது, பழைய பாடியைக் கழற்றி போமன் அண்டு ஷ்வார்ட்ஸ் போன்றவர்களிடம் புது பாடி போட்டிருந்தால் அது காரின் வரலாறு. 1970-களில் போட்டது வேறு ஒருவரின் ஆசை. கையெழுத்துப் பத்திரத்தில் பின்னால் சேர்த்த வரிக்கும், எழுதும்போதே அடித்துத் திருத்திக் கையொப்பமிட்ட வரிக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

அடுத்தது சூப்பர்சார்ஜர். 1932-இல் வந்த எஸ்.ஜே. வகைக்கு 320 குதிரைத்திறன் என்றார்கள். அதே ஆண்டு ஃப்ரெட் டூசன்பெர்க் பென்சில்வேனியாவில் எஸ்.ஜே. ஒன்றை ஓட்டிப் போகும்போது விபத்துக்குள்ளாகி, அதன் பாதிப்பில் இறந்துபோனார். தொழிற்சாலையிலிருந்தே சூப்பர்சார்ஜரோடு வந்தவை 36 என்பதுதான் எல்லோரும் ஏற்கும் கணக்கு. எஸ்.ஜே. என்றதும் பானெட் பக்கவாட்டிலிருந்து வளைந்து இறங்கும் நான்கு குரோம் குழாய்கள்தான் நினைவுக்கு வரும். விற்பவரும் முதலில் அதைத்தான் காட்டுவார். ஆனால் அந்தக் குழாய்கள் அழகாக இருக்கின்றன என்று சாதாரண ஜே வாங்கியவர்களும் கேட்டுப் போட்டுக்கொண்டார்கள். சூப்பர்சார்ஜரையே பின்னாளில் செய்து மாட்டிய கார்களும் இருக்கின்றன. குழாயைப் பார்த்து எஸ்.ஜே. என்று எழுதுகிறவர் பூணூலைப் பார்த்துச் சமையல்காரர் என்று முடிவு கட்டுகிறவர்தான். எஞ்சின் எண்ணைத் தொழிற்சாலை வரலாற்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும், அப்புறம் உள்ளே பார்க்க வேண்டும். சாதாரண ஜே-யில் கனெக்டிங் ராடு அலுமினியக் கலவை, எஸ்.ஜே-யில் உருக்குக் குழாய்.

கனெக்டிங் ராடு பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. பழைய அலுமினிய ராடுகளைக் கழற்றிவிட்டு நவீன உருக்கு ராடு போட்டிருந்தால் அதைக் குறையாக எழுதத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். தொண்ணூறு வருட அலுமினியம் களைத்துப் போயிருக்கும். அது ஓடும்போது உடைந்தால் எஞ்சின் கூட்டையே துளைத்துக்கொண்டு வெளியே வரும், அசல் எண் அடித்த கூடு அது. ஒரு பாகத்தின் அசல்தன்மையைக் காப்பாற்றப் போய் முழு எஞ்சினையும் பலி கொடுப்பதில் அர்த்தமில்லை. கழற்றிய ராடுகளை ஒரு பெட்டியில் போட்டுக் காரோடு தந்தால் போதும்.

காரின் நிலைக்கு இப்போதுதான் வருகிறோம். வெளியே பார்த்தால் அலுமினியம், உள்ளே மரச்சட்டம். அதனால் டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் நன்றாக இருந்தும் கார் கெட்டுப்போயிருக்க முடியும். கதவைத் திறந்து கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் ஆடினால், கீலுக்குப் பின்னால் மரம் உளுத்திருக்கிறது. கதவை மூடும்போது தானாகப் போய் உட்காருகிறதா, இடித்துத் தள்ள வேண்டியிருக்கிறதா? அலுமினியத் தகடு இரும்பைத் தொடும் இடங்களில் வெள்ளைப் பொடி கட்டியிருக்கிறதா? மிதியடியைத் தூக்கிப் பாருங்கள், சீட்டுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். அங்கே தெரிகிற மரம்தான் கார் பற்றிய உண்மையைச் சொல்லும். புது மரமாக இருந்தால் தப்பில்லை, ஆனால் எவ்வளவு புதுசு என்பது கேள்வி. பாதிக்கு மேல் புது மரமும் புதுத் தகடும் என்றால் அது பழுதுபார்த்த அசல் பாடியா, அசலின் சில துண்டுகள் ஒட்டியிருக்கும் நகலா? இதற்குக் கோடு போட்டுக் காட்ட ஆளில்லை. அறிக்கையில் எவ்வளவு என்று பார்த்ததை எழுதிவிட்டு, பெயர் வைப்பதை வாங்குகிறவரிடம் விட்டுவிடுவதுதான் நாணயம்.

எஞ்சினில் கேட்க வேண்டியவை வழக்கமானவைதான்: ஆயில் அழுத்தம், சூடேறிய பிறகு வரும் சத்தம், பிளாக்கில் விரிசல் இருந்து ஒட்டியிருக்கிறார்களா என்பது. வழக்கமில்லாத ஒன்று டாஷ்போர்டில் இருக்கிறது. மாடல் ஜே-யில் ஓட்டத்தோடு சுழலும் ஒரு சிறிய கியர் பெட்டி உண்டு. சுமார் 75 மைலுக்கு ஒருமுறை சேஸிஸ் மூட்டுகளுக்குத் தானாகவே எண்ணெய் போடும், விளக்கு எரியும். 700 மைல் ஆனால் ஆயில் மாற்று என்று ஒரு விளக்கு, 1,400 மைல் ஆனால் பேட்டரியைப் பார் என்று இன்னொன்று. 1929-இல்! இந்த அமைப்பு இன்று ஒழுங்காக வேலை செய்தால், இந்தக் காரைப் புதுப்பித்தவர் வெளியே மட்டும் மினுக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் காசும் பொறுமையும் செலவழித்திருக்கிறார் என்று தெரியும். முழுப் புதுப்பிப்புக்குப் பல லட்சம் டாலர் ஆகும். அதனால் "நன்றாகப் புதுப்பித்தது", "1980-களில் புதுப்பித்து இப்போது பழசாகிவிட்டது" என்ற இரண்டுக்கும் இடையே விலை நிறைய மாறும். ஒருமுறைகூடப் புதுப்பிக்காத கார் என்றால் கதையே வேறு. மூல பெயிண்ட் வெடித்திருந்தாலும், தோல் கிழிந்திருந்தாலும், கை வைக்காமல் விட்டால்தான் மதிப்பு. பிள்ளைகள் ஆர்வத்தில் "கொஞ்சம் பாலிஷ் போட்டு விற்கலாம்" என்று கிளம்பினால் மதிப்பீட்டாளர் ஓடிப்போய்த் தடுக்க வேண்டும்.

யார் வைத்திருந்தார் என்பதும் விலையில் சேரும். எவ்வளவு என்பதற்கு உச்ச உதாரணம் 1935-இல் நடிகர் கேரி கூப்பரிடம் இருந்த எஸ்.எஸ்.ஜே. சேஸிஸைக் குட்டையாக்கி இரண்டே இரண்டு கார் செய்தார்கள். மற்றது கிளார்க் கேபிளிடம் இருந்தது. கூப்பரின் கார் 2018-இல் பெபிள் பீச் ஏலத்தில் 2 கோடியே 20 லட்சம் டாலருக்குப் போனது. இங்கே நடிகர் பெயர் மட்டும் வேலை செய்யவில்லை, கார் இரண்டே இரண்டு என்பதும் சேர்ந்து வேலை செய்தது. நம் நாட்டுத் தொடர்பும் ஒன்று உண்டு. இந்தூர் மகாராஜா இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கர் ஒரு எஸ்.ஜே. சேஸிஸ் வாங்கி, லண்டனில் கர்னி நட்டிங்கிடம் பாடி கட்டினார். பின்னாளில் அது அமெரிக்காவுக்கே திரும்பிப் போய்விட்டது. அப்படிப்பட்ட காருக்குப் பழைய புகைப்படம், ரசீது, கடிதம் என்று கதையைக் கையில் வைத்து நிரூபிக்க முடியும். "ஒரு ஹாலிவுட் நடிகை வைத்திருந்தாராம்" என்ற "ஆம்"-களுக்கு மதிப்பு பூஜ்யம். அன்றைய புகைப்படத்தில் நம்பர் பிளேட்டோ, பாடியின் தனி அடையாளமோ தெரிகிறதா என்று பார்த்தபிறகுதான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி எண்ணைப் போட வேண்டும். பக்கத்து மனை என்ன விலைக்குப் போனது என்று பார்ப்பது போலத்தான் இதுவும். ஆனால் வருடத்துக்கு விற்பனைக்கு வருவது கொஞ்சம் கார்தான், அதில் அதே பாடி கட்டினவர், அதே வகை, அதே சுத்தம் என்று தேடினால் இரண்டோ மூன்றோ தேறும். ஏல விலையைப் படிக்கும்போது இரண்டு பொறி. அச்சில் வரும் தொகையில் ஏலக்காரரின் கமிஷன் சேர்ந்திருக்கும். பத்து சதவீதத்தை ஒட்டி. அது விற்றவர் கைக்கு வராத பணம், போதாக்குறைக்கு அவரிடமும் தனியாக ஒரு கமிஷன் பிடிப்பார்கள். இரண்டாவது, குறைந்தபட்ச விலை எட்டாமல் விற்காமல் திரும்பிய கார்கள். விலைப்பட்டியல்களில் அவை சத்தமில்லாமல் மறைந்துவிடும். என் கணிப்பில், விற்ற மூன்று காரைவிட விற்காத ஒரு கார் சந்தையைப் பற்றி அதிகம் சொல்லும்.

நாம் தொடங்கிய 1931 காருக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, சேஸிஸும் எஞ்சினும் ஃபயர்வால் தகடும் பொருந்தின, ஆனால் பாடி 1970-களில் செய்த நகல், பிறந்தபோது அது வில்லோபி செடான் என்று தெரியவந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 லட்சம் என்ற எண் அந்த நிமிஷமே போய்விடும். அதோடு ஒப்பிட வேண்டியது அசல் ஃபீட்டன்களோடு இல்லை, மறுபாடி கட்டிய மற்ற கார்களோடு. 8 லட்சத்தை ஒட்டிய எண் அங்கிருந்து வருகிறது. பிள்ளைகளுக்கு இது பேரிடியாக இருக்கும். அப்பா ஏமாந்தாரா, தெரிந்தே வாங்கினாரா என்று கேட்பார்கள். அந்த நிலையில் மதிப்பீட்டாளர் இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: கழற்றிய செடான் பாடி எங்கே? சில சமயம் அது ஏதோ ஒரு கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும், பழைய பட்டறை ரசீதின் பின்னால் அதை வாங்கினவர் பெயர் இருக்கும். கிடைத்தால், அதைத் திரும்ப மாட்டுவது இன்றைய சந்தையில் முட்டாள்தனமான யோசனை இல்லை.

கடைசியாக, எதற்காக மதிப்பீடு என்பது. காப்பீட்டுக்கு எழுதும் தொகை, இதே மாதிரி இன்னொன்று தேடி வாங்க ஆகும் செலவு. அது மேலே நிற்கும். வாரிசுரிமை வரிக்கு எழுதும்போது, எந்த நிர்ப்பந்தமும் இல்லாமல் விவரம் தெரிந்த இருவர் விற்று வாங்கிக்கொள்ளும் விலை. அவசரத்தில் வியாபாரியிடம் தள்ளிவிடும் விலை இரண்டுக்கும் கீழே. ஒரே காருக்கு ஒரே நாளில் மூன்று உண்மையான எண்கள். எதற்காக எழுதியது என்று முதல் பக்கத்தில் இல்லாத அறிக்கையை நம்ப வேண்டாம். அமெரிக்க மதிப்பீட்டுத் தொழில்நெறிகள், சொல்லும் விலையில் இத்தனை சதவீதம் என்று கூலி வாங்குவதைத் தடை செய்கின்றன. வேலைக்கு இவ்வளவு என்றுதான் வாங்க வேண்டும். மதிப்பிட வந்தவரே "நானே எடுத்துக்கிறேனே" என்று சொன்னால், அவர் சொன்ன எண்ணை ஓரமாக வைத்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். அந்த இரண்டாவது ஆளிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை இல்லை. சட்டத்தில் அடித்திருக்கும் அந்த நான்கு இலக்கத்தைத் தன் கண்ணால் பார்த்தாரா என்பதை.